முகம் காணும் திறனுக்கு மூளையில் எதை அளப்பது: தடிமனா, பரப்பா, மயலினா?

2016இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று விசித்திரமான முடிவை வெளியிட்டது. முகங்களைப் பார்க்கும்போது கூடுதலாகத் தூண்டப்படும் மூளைப் பகுதியின் தடிமனைச் சில ஆண்களிடம் அளந்தார்கள். அந்த இடத்தில் புறணி (மூளையின் வெளிப்புற அடுக்கு) மெல்லியதாக இருந்தவர்கள் முகங்களை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். புறணி தடித்திருந்தவர்கள் வாகனங்களை நன்றாக இனம் பிரித்தார்கள். இடமும் ஒன்றுதான், அளவீடும் ஒன்றுதான். இரண்டு திறன்கள் மட்டும் எதிரெதிர்த் திசையில் போயின. ஒரு பகுதி பெருத்திருந்தால் அதற்குரிய திறனும் கூடியிருக்கும் என்று வைத்துக்கொண்டு ஆய்வுத் திட்டம் எழுதுபவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

முகம் அடையாளம் காண்பதில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசம் மூளையின் கட்டமைப்பில் எங்கே தெரிகிறது என்று ஆராயத் தொடங்கும் மாணவர்களை மனதில் வைத்தே இந்த ஒப்பீடு. ஸ்கேனரில் ஓர் ஆளுக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம். அதற்குள் எதை எடுப்பது, எதை விடுவது? தனக்கே முகங்கள் மனதில் நிற்பதில்லை என்ற கவலையோடு வருபவர்களும் உண்டு. அவர்களுக்கான பதில் சின்னது என்பதால் அதை முதலில் முடித்துவிடலாம்.

சந்தேகம் உங்கள்மீதே என்றால்

நேற்றுவரை தெரிந்த முகங்கள் இன்று திடீரென்று புரியாமல் போனால் அது பக்கவாதமாக இருக்கலாம். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி, முக்கியமாக வலப்பக்கத் தமனி, அடைபட்டால் முகம் தெரியாமல் போகலாம். அதோடு இடது மேல்பக்கப் பார்வை மறையலாம், நிறங்கள் வெளிறலாம், பழகிய தெருவிலேயே வழி தவறலாம். இங்கே ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் என்றால் 108ஐ அழைக்க வேண்டியதுதான். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் வழக்கமான எல்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல முகங்கள் நழுவினால், குரலைக் கேட்டும் ஆள் தெரியவில்லை என்றால், வலது டெம்போரல் மடலின் (காதையொட்டிய மூளைப் பகுதி) முனை சுருங்கும் ஒருவகை மறதிநோயை நரம்பியல் மருத்துவர் தேடுவார். அதற்கு எம்ஆர்ஐ படிவத்தில் வெறுமனே "மறதி" என்று எழுதி அனுப்பினால் போதாது. டெம்போரல் முனைகளை இடம் வலமாக ஒப்பிட்டுப் பார்க்க கொரோனல் படங்கள் (காதிலிருந்து காதுவரை குறுக்காக வெட்டிய தோற்றம்) வேண்டும் என்று குறிப்பிட வேண்டும்.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்றால் ஸ்கேன் வேண்டாம். பிறவியிலிருந்து வரும் முகக்குருடு என்பதே மூளையில் காயம் எதுவும் இல்லாமல் வருவதுதான், ரிப்போர்ட்டில் "இயல்பு" என்றே வரும். இனி நாம் பேசப்போகும் வித்தியாசங்கள் எல்லாம் பலரைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் தெரிபவை. தடிமனில் அது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. தனியாள் ஒருவரின் படத்தை வைத்துக்கொண்டு எந்த ரேடியாலஜிஸ்ட்டாலும் அதைச் சொல்ல முடியாது. பல ஆயிரம் ரூபாயை அதில் போடுவதற்குப் பதில் தன் முகநினைவைத் தானே மதிப்பிடும் பிஐ20 கேள்வித்தாளை நிரப்பிப் பாருங்கள். 20 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், ஆக மொத்தம் 20க்கும் 100க்கும் இடையில் வரும். 65 அல்லது அதற்கு மேல் என்றால் அடுத்த சோதனைக்குப் போகலாம். கேள்வித்தாள் மட்டும் போதாது, ஏனென்றால் தன் முகநினைவைப் பற்றிச் சரியாக மதிப்பிடுபவர்கள் குறைவு. பெயர் மறந்துபோவதை முகம் மறந்துபோவதாக எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். அப்படி இருந்தும் இது அரிதான விஷயம் இல்லை. ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் 689 பள்ளி, மருத்துவக் கல்லூரி மாணவர்களிடம் நடந்த கணக்கெடுப்பில் 17 பேருக்கு முகக்குருடு இருப்பது தெரிந்தது, அதாவது நூற்றுக்கு இரண்டரைப் பேர்.

முதலில் நடத்தைச் சோதனை, ஏனென்றால் அதில்தான் ஆய்வுகள் சறுக்குகின்றன

மூளைப் படத்துக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, திறனை அளக்கப் பத்து நிமிட மலிவுச் சோதனையை ஒட்டவைப்பது வழக்கமாகிவிட்டது. மருத்துவமனைகளில் பல காலமாகப் புழங்கும் பெண்டன் சோதனையை இதற்கு எடுக்கக் கூடாது. அதில் பார்க்க வேண்டிய முகமும் தேர்ந்தெடுக்க வேண்டிய முகங்களும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கும். புருவத்தையும் நெற்றி மயிர்க்கோட்டையும் ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தே இயல்பான மதிப்பெண் வாங்கிவிடலாம். முகத்தின் நடுப்பகுதியை மறைத்துவிட்டு, புருவமும் மயிர்க்கோடும் மட்டும் தெரியும்படி கொடுத்தபோதும் பலர் இயல்பு எல்லைக்குள்ளேயே வந்தது 2003இல் நடந்த ஒரு பரிசோதனையில் தெரிந்தது. முகக்குருடு உள்ளவர்கள் வாழ்நாள் முழுக்கப் பழகிவைத்திருப்பதும் இந்த உத்தியைத்தான்.

கேம்பிரிட்ஜ் முகநினைவுச் சோதனை 2006இல் வந்தது. கார்ட்டூன் முகம் ஒன்றை வைத்து ஒத்திகை முடிந்ததும் ஆறு முகங்கள் வரும். ஒவ்வொன்றையும் மூன்று கோணங்களில், கோணத்துக்கு மூன்று விநாடி காட்டுவார்கள். உடனே மூன்று முகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படி 18 கேள்விகள். பிறகு ஆறு முகங்களையும் சேர்த்து 20 விநாடி பார்க்கவிட்டு, வெளிச்சமும் கோணமும் மாறிய புதுப் படங்களில் 30 கேள்விகள். மறுபடி 20 விநாடி, கடைசியாகப் புள்ளி இரைச்சல் தூவிய படங்களில் 24 கேள்விகள். மொத்தம் 72. குருட்டடியாகத் தட்டினாலே 24 வந்துவிடும். முதல் ஆய்வில் சராசரி 58 பக்கம் இருந்தது. 42க்குக் கீழே இறங்கினால் சந்தேகம். உச்சத்தில் இருப்பவர்களைப் பிரிக்க இன்னும் 30 கடினக் கேள்விகள் சேர்த்த 102 கேள்விப் பதிப்பு உண்டு. அசாதாரண முகநினைவு உள்ளவர்களை 2009இல் முதன்முதலில் விவரித்தது அதைக்கொண்டுதான். உங்கள் குழுவில் கல்லூரி மாணவர்கள் அதிகம் என்றால் நீண்ட பதிப்பையே எடுங்கள். 72இல் பலர் உச்சத்தை முட்டிவிட்டால், மூளை அளவில் இருக்கும் வித்தியாசத்தோடு ஒப்பிட எதிர்ப்பக்கம் வித்தியாசமே மிஞ்சாது.

கிளாஸ்கோ முகப் பொருத்தச் சோதனை வேறு வகை. இரண்டு படங்கள், ஒரே ஆளா வேறு ஆளா என்ற கேள்வி மட்டும். சுருக்கப் பதிப்பில் 40 ஜோடிகள். நினைவாற்றல் தேவையில்லை என்பதால் பார்த்தறியும் திறனைத் தனியே பிரிக்க உதவும். இரண்டையும் சேர்த்து எடுப்பதே என் சிபாரிசு. ஒன்றுதான் முடியும் என்றால் கேம்பிரிட்ஜ்.

நம் ஊரில் இதைப் பயன்படுத்துபவர்கள் மறந்துவிடும் ஒரு சிக்கல் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் சோதனையின் முகங்கள் அனைத்தும் வெள்ளை இன ஆண்கள். தான் வளர்ந்த சூழலின் முகங்களையே எவரும் நன்றாகப் பிரித்தறிவார். அதனால் 42 என்ற எல்லையைக் கோயம்புத்தூரிலோ யாழ்ப்பாணத்திலோ அப்படியே வைத்தால் நல்ல திறமையுள்ளவர்களும் முகக்குருடர் ஆகிவிடுவார்கள். உறவு தேடும் ஆய்விலும் தொல்லை உண்டு, ஹாலிவுட் படம் அதிகம் பார்ப்பவர் யார் என்பதும் மதிப்பெண்ணுக்குள் புகுந்துவிடும். சீன முகங்களைக் கொண்டு இதே வடிவில் ஒரு பதிப்பு ஏற்கெனவே உருவாகியிருக்கிறது. உள்ளூர் முகங்களை வைத்து நீங்களே தயாரிப்பதாக இருந்தால் தலைமுடியை வெட்டி நீக்குவதோடு நிற்காதீர்கள். பொட்டு, விபூதி, மூக்குத்தி, கம்மல், மீசை எதுவும் ஒரு முகத்திலும் இருக்கக் கூடாது. ஒரே ஒருவருக்கு மீசை இருந்தாலும் அந்த ஆறில் ஒரு முகத்துக்கு நினைவாற்றலே வேண்டியதில்லை.

இன்னொரு சோதனையும் கட்டாயம்: முகமல்லாத பொருள். கேம்பிரிட்ஜ் கார் நினைவுச் சோதனை இதே 72 கேள்வி வடிவில் இருக்கிறது. இதைச் சேர்க்காவிட்டால், கிடைத்த உறவு முகத்துக்கானதா, பொதுவாகக் கண்ணால் கண்டதை நினைவில் வைக்கும் திறனுக்கானதா என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல முடியாது. முகநினைவு பெரும்பாலும் தனித்து நிற்கும் திறன் என்பதும், அதில் பரம்பரையின் பங்கு அதிகம் என்பதும் 2010இல் வந்த இரட்டையர் ஆய்விலிருந்து தெரியும். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரின் மதிப்பெண்களுக்கு இடையே ஒட்டுறவு (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.70, மற்ற இரட்டையருக்கு 0.29.

எந்த இடத்தை அளப்பது

ஃபியூசிஃபார்ம் மடிப்பு டெம்போரல் மடலின் அடிப்பக்கம் நீளவாக்கில் ஓடுகிறது. முகங்களுக்குத் தனியே தூண்டப்படும் திட்டு அங்கே இருப்பதை எம்ஆர்ஐயில் நிலைநாட்டியது 1997இல் நான்சி கான்விஷரின் குழு. எஃப்எஃப்ஏ என்று இப்போது எல்லோரும் சொல்வது அதைத்தான். உண்மையில் அது ஒரு திட்டு அல்ல, பலருக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கு உட்பட்ட இடைவெளியில் முன்னும் பின்னுமாக இரண்டு திட்டுகள். வலது பக்கம் பொதுவாகப் பெரியது.

இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன. மென்பொருளின் அட்லஸ் (ஆயத்த மூளை வரைபடம்) தரும் மொத்த ஃபியூசிஃபார்ம் மடிப்பையும் சராசரி எடுப்பது முதல் வழி. பணம் செலவில்லை, கூடுதல் ஸ்கேன் இல்லை. ஆனால் அந்த மடிப்பின் வெளிப்பாதி முகங்களுக்கும் உட்பாதி வேறு காரியங்களுக்கும் உரியது. செல் அமைப்பைப் பார்த்தாலும் இரண்டு பாதிகளும் வேறுவேறு. இரண்டையும் கலந்து சராசரி எடுத்துவிட்டு "உறவு இல்லை" என்று அறிவிப்பதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது வழி, ஒவ்வொருவருக்கும் செயல்படு எம்ஆர்ஐ (மூளையில் எந்த இடம் எப்போது தூண்டப்படுகிறது என்று காட்டும் ஸ்கேன்) எடுத்து அவரவர் திட்டைக் குறிப்பது. முகங்கள், பொருட்கள், வீடுகள் என 12 முதல் 16 விநாடித் தொகுதிகளாகப் படங்கள் காட்டுவார்கள். முந்தைய படமே திரும்ப வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், இது தூங்காமல் இருப்பதற்கு. ஐந்து நிமிடத்தில் ஒரு சுற்று, குறைந்தது இரண்டு சுற்று. திட்டின் எல்லையை எந்தப் புள்ளியியல் மட்டத்தில் வரையப்போகிறீர்கள் என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். எல்லையைச் சற்று இறுக்கினால் திட்டு பாதியாகும், தளர்த்தினால் பக்கத்து வீட்டுக்கும் போகும். சிலருக்கு ஒரு பக்கத்தில் திட்டே தெரியாது, அவர்களை என்ன செய்வது என்பதையும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாதது. ஃபியூசிஃபார்ம் மடிப்பின் நடுவே மேலோட்டமான ஒரு வரிப்பள்ளம் ஓடுகிறது. ஒருவருக்குச் சில மில்லிமீட்டர், இன்னொருவருக்குப் பல சென்டிமீட்டர். வெளிப்பாதியையும் உட்பாதியையும் பிரிப்பது அதுதான், அதன் முன்நுனி பெரும்பாலும் முன்பக்க முகத்திட்டை ஒட்டியே விழுகிறது. செயல்படு எம்ஆர்ஐ எடுக்காத பழைய தரவு கையில் இருந்தால் இந்தப் பள்ளத்தைக் கையால் வரைந்து, அதற்கு வெளிப்பக்கப் பட்டையை மட்டும் அளப்பது முழு மடிப்பை அளப்பதைவிட எவ்வளவோ மேல். வரைபவருக்கு யாருடைய மதிப்பெண் என்ன என்று தெரியக் கூடாது.

ஸ்கேன் நேரம் இருந்தால் இரண்டாவது. இல்லாவிட்டால் மூன்றாவது. முதலாவதை விட்டுவிடுங்கள்.

தடிமன்: கைக்கு எட்டியது, ஆனால் ஏமாற்றுவது

எல்லோரிடமும் டி1 கட்டமைப்புப் படம் (மூளையின் உருவத்தைக் காட்டும் வழக்கமான எம்ஆர்ஐ) இருக்கிறது. ஃப்ரீசர்ஃபர் மென்பொருளில் போட்டுவிட்டால் சில மணி நேரத்தில் புறணியின் தடிமன் வந்துவிடும். தலையின் மொத்த அளவோடு தடிமன் பெரிதாக மாறுவதில்லை என்பதும் ஒரு வசதி. இவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே ஆய்வுகள் இங்கே குவிகின்றன.

அளவைக் கிட்டே போய்ப் பாருங்கள். அந்தப் பகுதியில் புறணியின் தடிமன் ஏறக்குறைய 2.5 முதல் 3 மில்லிமீட்டர். படத்தின் ஒரு கட்டம் 1 மில்லிமீட்டர். ஆளுக்கு ஆள் நாம் தேடும் வித்தியாசம் அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். மென்பொருள் செய்வது இரண்டு எல்லைகளைக் கண்டுபிடிப்பது மட்டும்தான். வெளியே மூளையின் மேற்பரப்பு, உள்ளே சாம்பல்பொருள் (நரம்புச் செல்கள்) முடிந்து வெண்பொருள் (நரம்பு நார்கள்) தொடங்கும் கோடு. அந்த உள்கோடு வெளிச்ச வித்தியாசத்தை வைத்து வரையப்படுகிறது. வெளிச்சத்தை மாற்றுவது மயலின், அதாவது நரம்பு நார்களைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறை. புறணியின் அடி அடுக்குகளில் மயலின் கூடினால் அந்த இடம் படத்தில் வெண்பொருளைப் போலப் பிரகாசமாகி, கோடு மேலே ஏறிவிடும். வேட்டிக் கரையின் சாயம் உள்ளே ஊறினால் வெள்ளைப் பகுதி குறைந்ததாகத் தெரிவதுபோல, துணி அப்படியேதான் இருக்கும்.

இது ஊகம் அல்ல. குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒப்பிட்டு 2019இல் ஸ்டான்ஃபோர்டு குழு வெளியிட்ட ஆய்வு, முகத்துக்கும் எழுத்துக்கும் உரிய புறணிப் பகுதிகள் வயதோடு மெலிவதாகத் தெரிவதற்கு மயலின் கூடுவது முக்கியக் காரணம் என்று காட்டியது. வேண்டாத இணைப்புகள் கத்தரிக்கப்படுவதால்தான் மெலிகிறது என்ற பழைய விளக்கத்தை இப்போது கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது.

வாண்டர்பில்ட் முடிவை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அர்த்தமாகிறது. 2020இல் அதே குழுவினர் மிக வலிமையான 7 டெஸ்லா காந்த ஸ்கேனரில் 14 ஆண்களின் வலது எஃப்எஃப்ஏவை மூன்று அடுக்காகப் பிரித்து அளந்தார்கள். முகத்திறனோடு தலைகீழ் உறவு காட்டியது அடி அடுக்கின் தடிமன். வாகனத் திறனோ மூன்று அடுக்குகளின் தடிமனோடும் நேர் உறவில் இருந்தது. முகங்களைப் பிறந்ததிலிருந்து கற்கிறோம், கார் மாடல்களை வளர்ந்த பிறகு. வேறு வேறு வயதில் வேறு வேறு வழியில் புறணி மாறுகிறது என்பது அவர்களின் விளக்கம், எனக்கு அது நம்பத்தக்கதாகவே படுகிறது. ஆனால் அடி அடுக்கு மட்டுமே முகத்திறன் வித்தியாசத்தில் 84 சதவீதத்தை விளக்குகிறது என்ற எண்ணை உங்கள் திட்டத்தின் எதிர்பார்ப்பாக எழுதிவிடாதீர்கள். 14 பேரிடம் வந்த எண் அது. சிறிய குழுவில் வெளிவரும் உறவு பெரும்பாலும் ஊதியே இருக்கும்.

தடிமனைக் கெடுக்கும் இன்னொன்று தலை அசைவு. ஸ்கேனருக்குள் அசைபவர்களின் புறணி மெல்லியதாக அளவாகும். பதற்றமான ஆட்களும் வயதானவர்களும் குழந்தைகளும் அதிகம் அசைவார்கள். அவர்களின் மதிப்பெண்ணும் வேறாக இருந்தால் அசைவை அளந்துவிட்டு மூளை என்று பெயர் வைப்பீர்கள். ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பார்த்துத் தரம் போடுங்கள். டெம்போரல் மடலின் அடியில், சிறுமூளையைப் பிரிக்கும் சவ்வு அருகே மென்பொருள் வெளிக்கோட்டைத் தவறாக வரைவது சகஜம், அதுவும் ஃபியூசிஃபார்முக்குப் பக்கத்திலேயே.

பரப்பும் கனஅளவும்

கனஅளவு என்பது தடிமனும் பரப்பும் கலந்தது. இரண்டுக்கும் மரபணுப் பின்னணி பெரும்பாலும் தனித்தனி. ஒன்று கூடி மற்றொன்று குறைந்தால் கனஅளவில் எதுவுமே தெரியாது. எனவே இரண்டையும் பிரித்து எழுதுங்கள். பரப்பையும் கனஅளவையும் மண்டையோட்டின் உள்ளளவுக்கேற்பத் திருத்த வேண்டும்.

கனஅளவு ஆய்வுகள் தந்த பயன் வேறு இடத்தில் இருக்கிறது. முகக்குருடு உள்ள 17 பேரை 18 பேரோடு ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வில் சாம்பல்பொருள் குறைந்திருந்தது வலது டெம்போரல் மடலின் முன்-அடிப்பகுதியிலும் மேல் டெம்போரல் பள்ளத்தின் ஓரத்திலும். 2007இல் ஆறு பேரிடம் நடந்த ஆய்வில் ஃபியூசிஃபார்மின் முன்பகுதி சிறுத்திருந்தது. ஆக, எஃப்எஃப்ஏவையே குறிவைத்துவிட்டு முன் டெம்போரலை விட்டால் பாதிக் கதையை விட்டதாகிவிடும். இங்கே ஒரு தொழில்நுட்பத் தொல்லை. காதுக்குழாய்க்கும் எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளுக்கும் மேலே இருப்பதால் செயல்படு எம்ஆர்ஐயில் முன் டெம்போரலின் சமிக்ஞை அழிந்துபோகும். அங்கே முகத்திட்டு தெரியவில்லை என்பதற்கு இல்லை என்று பொருள் இல்லை. கட்டமைப்புப் படம் இந்தத் தொல்லையை அவ்வளவாகப் படாது, ஆகவே அந்த இடத்துக்குக் கனஅளவும் தடிமனும் இன்னும் பயன்படும்.

வெண்பொருள் இணைப்புகள்

பார்வைப் புறணியிலிருந்து முன் டெம்போரலுக்கு ஓடும் நீண்ட நரம்புக் கட்டுகள் முகக்குருடில் நலிந்திருக்கும் என்ற எண்ணத்துக்கு 2009இல் ஆறு பேரிடம் நடந்த ஆய்வு ஆதரவு தந்தது. 2015இல் வந்த இன்னோர் ஆய்வு நீண்ட கட்டுகளில் வித்தியாசத்தைக் காணவில்லை. எஃப்எஃப்ஏவை ஒட்டிய வெண்பொருளில்தான் கண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த ஆய்வும் செயல்படு எம்ஆர்ஐயால் குறித்த திட்டுக்கு அடியிலேயே இருக்கும் வெண்பொருளின் அளவு முகத்திறனோடு சேர்ந்து நகர்வதைக் காட்டியது. என் கணிப்பு இதுதான்: டிஃப்யூஷன் எம்ஆர்ஐ (நரம்பு நார்களின் வழியே நீர் நகர்வதை அளப்பது) எடுப்பதாக இருந்தால் திட்டை ஒட்டிய சிறு பகுதியை முதன்மை அளவாக அறிவியுங்கள், நீண்ட கட்டுகளை இரண்டாம் பட்சமாக வையுங்கள்.

டிஃப்யூஷன் தரும் எஃப்ஏ என்ற எண்ணை (நீர் எவ்வளவு ஒரே திசையில் நகர்கிறது என்பது) மயலினின் அளவு என்று எழுதுவது பரவலான பிழை. நார்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் மயலின் நன்றாக இருந்தாலும் எஃப்ஏ விழுந்துவிடும். டெம்போரல்-ஆக்சிபிடல் சந்திப்பு அப்படிப்பட்ட இடம்தான். இரண்டு மில்லிமீட்டர் கட்டம், 64 திசைகள், ஏறக்குறைய பத்து நிமிடம் என்பது நியாயமான ஏற்பாடு. எதிர்த்திசையில் வாசித்த சில படங்களையும் எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது, படம் நெளிந்திருப்பதைத் திருத்த அது இல்லாவிட்டால் திட்டும் வெண்பொருளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது.

அளவுசார் டி1

ஒன்றைத்தான் தேர்ந்தெடு என்றால் இதைத் தேர்ந்தெடுப்பேன். சாதாரணக் கட்டமைப்புப் படத்தின் வெளிச்சத்துக்கு அலகு கிடையாது, அந்தந்த ஸ்கேனின் கறுப்பு வெள்ளை மட்டும்தான். அளவுசார் எம்ஆர்ஐயில் ஒவ்வொரு கட்டத்துக்கும் டி1 தளர்வு நேரம் (ரேடியோ அலையால் தூண்டிய திசு பழைய நிலைக்குத் திரும்பும் வேகத்தைக் காட்டும் நேரம்) விநாடியில் கிடைக்கும். மயலின் போன்ற திசு கூடினால் அந்த நேரம் குறையும். 2017இல் ஸ்டான்ஃபோர்டு குழு 5 முதல் 12 வயதுக் குழந்தைகளையும் பெரியவர்களையும் இப்படி அளந்தபோது எஃப்எஃப்ஏவில் வயதோடு டி1 குறைந்தது, முகத்திறனும் அதோடு சேர்ந்து நகர்ந்தது. பக்கத்திலேயே இருக்கும் இடங்களை அறியும் பகுதியில் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை. தடிமன் சொல்லாமல் விடுவதை, உள்கோடு ஏன் நகர்ந்தது என்பதை, இந்த அளவு நேராகச் சொல்லும்.

எடுப்பது சற்றுப் பாடு. வெவ்வேறு சாய்வுக் கோணங்களில் நான்கு ஸ்கேன் எடுத்துப் பொருத்துவது ஒரு முறை. எம்பி2ரேஜ் என்ற ஒரே ஸ்கேனில் முடிப்பது இன்னொரு முறை, எட்டுப் பத்து நிமிடம். எதுவானாலும் ரேடியோ அலையின் புலம் தலைக்குள் சீராக இருக்காது. டெம்போரல் மடலின் அடியில் அது கோணலாகவே இருக்கும். அந்தப் புலத்தைக் காட்டும் பி1 வரைபடம் ஒன்று தனியே எடுத்துத் திருத்தாவிட்டால் டி1 எண்ணில் மூளைக்குப் பதில் காயிலின் (ரேடியோ அலைக்கான கம்பிச்சுருள்) வடிவம் தெரியும். 3 டெஸ்லாவில் சாம்பல்பொருளுக்கு 1.3 முதல் 1.5 விநாடி, வெண்பொருளுக்கு 0.8, 0.9 விநாடி என்ற வட்டாரத்தில் வருகிறதா என்று முதல் ஆளிடமே சரிபார்த்துவிடுங்கள். இந்தக் கணக்கைச் செய்து தரும் ஆள் உங்கள் துறையில் இல்லை என்றால் இயற்பியல் துறையில் ஒருவரைப் பிடிக்காமல் தொடங்காதீர்கள். வருடக் கடைசியில் தரவு கையில் இருக்கும், எண் இருக்காது.

எத்தனை பேர்

இரண்டு அளவுகளுக்கு இடையே உண்மையான ஒட்டுறவு 0.4 என்று வைத்துக்கொள்வோம். இந்தத் துறையில் அதுவே தாராளமான எண். 80 சதவீத வாய்ப்போடு அதைப் பிடிக்க 46 பேர் போதும் என்று சூத்திரம் சொல்லும். ஆனால் கேம்பிரிட்ஜ் சோதனையை அதே ஆளிடம் மறுபடி வைத்தால் ஒட்டுறவு சுமார் 0.7. மூளை அளவின் நம்பகம் 0.8 என்று கொள்வோம். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.75. ஆக உங்கள் கண்ணில் படப்போவது 0.4 அல்ல, 0.3. அதற்குத் தேவை 85 பேர். உண்மை உறவு இன்னும் சிறியதாக இருந்து 0.2 மட்டுமே கண்ணில் பட்டால் 194 பேர். மூளை முழுவதும் தேடும் ஆய்வுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று 2022இல் வந்த பெரிய பகுப்பாய்வு சொன்னது. இருபது முப்பது பேரை வைத்து முழு மூளையையும் அலசும் திட்டம் இனி வேண்டாம். ஒரே ஒரு பகுதி, வலது எஃப்எஃப்ஏ, ஒரே ஒரு முதன்மை அளவு என்று தரவு எடுப்பதற்கு முன்பே அறிவித்துப் பதிவு செய்துவிடுங்கள். நடத்தைச் சோதனையை இரண்டாக்கிச் சேர்த்துச் சராசரி எடுப்பது ஸ்கேனரில் ஆள் கூட்டுவதைவிட மலிவாக நம்பகத்தைக் கூட்டும்.

வயதையும் கவனியுங்கள். முகம் கற்கும் திறன் முப்பதைத் தாண்டிய பிறகுதான் உச்சத்தை அடைகிறது. மயலினும் வயதோடு மாறும். 18 முதல் 50 வரை கலந்து எடுத்தால் இரண்டும் வயதைப் பின்தொடர்ந்தே ஒட்டுறவு காட்டிவிடும். 20 முதல் 30 வரை என்று குறுக்குங்கள்.

45 நிமிடத்தை எப்படிப் பங்கிடுவது

நடத்தைச் சோதனைகளை வேறொரு நாளில், ஸ்கேனுக்கு முன்னதாகவே முடித்துவிடுங்கள். ஸ்கேனரில் காட்டும் முகங்கள் சோதனையில் வரக் கூடாது. உள்ளே போனதும் அளவுசார் டி1ஐயும் பி1 வரைபடத்தையும் முதலில் எடுங்கள், 12 நிமிடம். அசைவு அதிகம் பாதிப்பது இதைத்தான், ஆட்கள் அசையாமல் இருப்பதும் முதல் கால் மணி நேரம்தான். எம்பி2ரேஜ் என்றால் தடிமனுக்கான படமும் அதிலேயே கிடைத்துவிடும், இல்லாவிட்டால் தனியே 5 நிமிடம். பிறகு முகத்திட்டைக் குறிக்கும் இரண்டு சுற்றுகள், 10 நிமிடம். பொத்தான் அழுத்தும் வேலை அப்போது வருவதால் தூக்கம் கலையும். கடைசியில் டிஃப்யூஷன், 11 நிமிடம். ஆள் ஏற, இறங்க, காயில் மாட்ட மிச்ச நேரம் சரியாக இருக்கும். நேரம் போதாமல் ஒன்றை வெட்ட வேண்டி வந்தால் டிஃப்யூஷனை வெட்டுங்கள், முகத்திட்டுச் சுற்றுகளில் கை வைக்காதீர்கள்.

ஆய்வு நடுவில் ஸ்கேனரின் மென்பொருளையோ காயிலையோ மாற்றினால் அந்தத் தேதியை எழுதி வையுங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே மூன்று நான்கு பேரை ஸ்கேன் செய்து பாருங்கள். நல்ல மதிப்பெண்காரர்கள் எல்லாம் முதல் பாதியிலும் மற்றவர்கள் பின்பாதியிலும் விழாதபடி ஆட்களைக் கலந்து அழைப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.